பெட்டி தெரிவு செய்து முடிப்பதற்குள் குரல் போய்விடுகிறது

 

நீண்ட பதிவு. வாசிக்க நேரமில்லாதவர்கள் கடந்து போகலாம். வாசிக்காமல் கொமெண்ட் மட்டும் போட வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நமது ஒலிப்பதிவுத் திட்டத்துக்குக் காசு சேர்க்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. கடைசி மூன்று கிழமையாக குழுவில் நடப்பது ஒரே ஒரு சண்டை. எந்த ஓடியோ இன்டர்பேஸ் வாங்குவது? ஸ்கார்லட்டா, பெஹ்ரிங்கரா, இன்னும் பெரியதா? கட்டாரில் இருக்கும் ஒரு தம்பி ஒரு வீடியோ அனுப்புகிறார். கொழும்பில் இருக்கும் இன்னொரு தம்பி அதை மறுத்து இரண்டு வீடியோ அனுப்புகிறார். இந்தச் சொல்லே புதிதாக இருக்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன்: மைக்கில் இருந்து வரும் மிக மெல்லிய மின் சைகையைப் பெரிதாக்கி, இலக்கமாக மாற்றி, யூ.எஸ்.பி. வயர் வழியாக கொம்பியூட்டருக்குக் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டி. அவ்வளவுதான். தராசு மாதிரி. தராசு நல்லதாக இருக்க வேண்டும், சரி. ஆனால் தராசு அரிசியைச் சுத்தமாக்காது.

முந்தாநாள் குழுவில் போடப்பட்ட எஸ்டிமேட் ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய். இன்டர்பேஸ், கண்டென்சர் மைக், ஸ்டாண்ட், சுவரில் ஒட்டும் ஸ்பொஞ், மேசை, அதோடு கண்ணாடியில் எழுதிய பெயர்ப்பலகை. ஆம், பெயர்ப்பலகையும் அதில் இருக்கிறது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இது 137 நாள் கொழுந்து. இந்தக் காசில் ஒரு பகுதி அப்படிக் கொழுந்து பறித்த தாய்மார் தந்தது என்பது குழுவில் உள்ள எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

முதலில் என் சொந்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நானும் எல்லா ஆசிரியர்களையும் போல போனைக் கையில் எடுத்தேன். சூம் வகுப்பு என்று கொழும்பில் பேசினார்கள். நம் பக்கத்தில் சிக்னல் தேடி மலை ஏறினார்கள். லுணுகலைப் பக்கத்தில் மரத்தின் மேல் கட்டிய குடிலில் பிள்ளைகள் இருந்து படித்த படம் வெளிநாட்டுச் செய்திகளில் கூட வந்தது. வீடியோ பார்க்க டேட்டா இல்லாத பிள்ளைக்கு குரல் மட்டும் அனுப்பலாமே என்று யோசித்து, தரம் 11 தமிழ் இலக்கியப் பாடங்களை பத்துப் பத்து நிமிடமாகப் பதிந்து அனுப்பத் தொடங்கினேன். யோசனை சரி. பேச்சுக்கு ஏற்றபடி சுருக்கினால் பத்து நிமிட ஒலி இரண்டரை எம்.பி.க்குள் அடங்கிவிடும். ஒரு பிள்ளையிடம் வந்தால் அதை அந்த லயத்தில் உள்ள எல்லாருக்கும் புளூடூத்தில் கொடுக்கலாம்.

ஆனால் ஒரு மாணவி திருப்பி அனுப்பிய வொய்ஸ் கட் இன்னும் என்னிடம் இருக்கிறது: "ஸேர், கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு, விளங்கல்ல."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஆளுக்கு ஆள் கேட்டு, கடன்பட்டு, ஒரு கண்டென்சர் மைக்கும் ஒரு இன்டர்பேஸும் வாங்கினேன். என் வீட்டு ஹோலில் வைத்தேன். தரை டைல்ஸ், சுவர் சீமெந்து, ஜன்னல் கண்ணாடி. பதிந்து கேட்டால் அதே கிணறு, இன்னும் தெளிவாக. போனில் பதிந்தபோது கேட்காத பக்கத்து வீட்டுச் சேவலும், கீழ் றோட்டில் கியர் மாற்றும் பஸ்ஸும், என் சுவரில் மோதித் திரும்பிய என் குரலும் அழகாக, சுத்தமாக, ஸ்டூடியோ தரத்தில் விழுந்திருந்தன. பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்த அறையில் என்ன இருந்ததோ அதைக் கொடுத்தது.

பிறகு என்ன செய்தேன் என்றால், அறைக்குள் போய் அலுமாரிக் கதவுகள் இரண்டையும் திறந்து வைத்து, உடுப்புகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் கட்டில் மெத்தையை நிமிர்த்தி வைத்தேன். என் மனைவி இதைப் பார்த்துச் சிரித்தது தனிக் கதை. செலவு பூச்சியம். மறுநாள் அதே மாணவி "இப்ப நல்லா இருக்கு ஸேர்" என்றாள். அன்றைக்கு நான் பாவித்தது புதுப் பெட்டி கூட இல்லை, பழைய போன்தான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: "அப்ப போனே போதும், எதுக்கு இன்டர்பேஸ்?" அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. போன் போதாத இடம் உண்டு. அதை நான் மிகக் கசப்பாகப் படித்தேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பாட்டி. என்னிடம் படித்த பிள்ளையின் அப்பாயி. எண்பது தாண்டிய வயது. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, தேயிலைக்கு வந்த கதைப்பாட்டு என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். போன வருஷக் கடைசியில் அவரிடம் போனேன். போனை முன்னால் வைத்தேன். நடுவில் மழை பிடித்தது. நவம்பர் மாதத்தில் நம் ஊரில் பின்னேர மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. லயத்தின் தகரக் கூரையில் அது விழும் சத்தத்தையும் சொல்லத் தேவையில்லை. போன் என்ன செய்கிறது தெரியுமா? அது தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். பாட்டி மூச்சு எடுக்க நிறுத்தினால், "சத்தம் குறைந்துவிட்டது" என்று நினைத்து மழையைத் தூக்கிப் பெரிதாக்கும். பாட்டி மறுபடி தொடங்கினால் முதல் சொல்லை அமுக்கும். வீட்டுக்கு வந்து கேட்டேன். மழை பாடுகிறது, பாட்டி நடுவில் முனகுகிறார்.

இந்த இடத்தில்தான் இன்டர்பேஸ் வேண்டும். அதில் சத்தத்தின் அளவை நம் கை வைக்கிறது; வைத்த இடத்தில் நிற்கும். மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டு போகலாம். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அந்த நேரத்திலேயே என்ன விழுகிறது என்று கேட்கலாம். மழை வந்தால் நிறுத்திவிட்டு தேத்தண்ணி குடித்து, விட்ட பிறகு தொடங்கலாம்.

"நல்ல சாமான் கொண்டு மறுபடி வாறேன் அப்பாயி" என்று சொல்லிவிட்டு வந்தேன். குழுவில் விஷயத்தைப் போட்டேன். எல்லாரும் மனம் இளகி காசு தந்தீர்கள், அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்யட்டும். பிறகு நாங்கள் பெட்டி தெரிவு செய்யத் தொடங்கினோம். போன மாதம் அந்தப் பாட்டி மௌத்தாகிவிட்டார். நான் மரண வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஸேர், அம்மா பாடுனது போன்ல இருக்குமே, தாங்களேன்." மழையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது சொல்லுங்கள், 192 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமா வேண்டாமா?

அதையும் பேசிவிடுவோம், ஏனென்றால் குழுவில் ஒருவர் "192க்குக் குறைந்தால் ஆவணம் என்று சொல்லவே முடியாது" என்று எழுதியிருந்தார். மனிதக் காது நல்ல வயதில் கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை. சீடியில் இருப்பது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். அது அந்த எல்லை முழுவதையும் பிடிக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மைக்கைப் பதிந்தால் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 520 எம்.பி. அதையே 192இல் பதிந்தால் 2 ஜீ.பி.க்கு மேல். மிச்ச ஒன்றரை ஜீ.பி.யில் இருப்பது வௌவாலுக்கு மட்டும் கேட்கும் மழை. 24 பிட் வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். காரணம், அளவைச் சற்றுக் குறைத்து வைத்துப் பதியலாம். ஒப்பாரியில் குரல் திடீரென்று எழும்போது சிவப்பு லைட் எரிந்து உடைந்தால் அதை எந்த மென்பொருளும் ஒழுங்காகத் திருத்தித் தராது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம்.

சரி, எதை வாங்குவது? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு மைக் போடக்கூடிய, 24 பிட், யூ.எஸ்.பி. வயரில் இருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சாதாரண பெட்டி. பெஹ்ரிங்கர் யூ.எம்.சி. 202 எச்.டி. போதும். செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் ஸ்கார்லட் 2ஐ2 கிடைத்தால் அதுவும் சரி. இரண்டுக்கும் நடுவில் மூன்று கிழமை சண்டை பிடிக்கும் அளவுக்கு பேச்சுக் குரலில் வித்தியாசம் இல்லை. இதை வாசித்து முடிந்ததும் "அப்படியா? ப்ரீ அம்ப் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. தகரக் கூரைக்குக் கீழே ஒப்பிட்டுப் பார்க்க வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ஸ்கார்லட் சோலோ, பெஹ்ரிங்கர் யூ.எம். 2, யூ.எம்.சி. 22 இவற்றிலும் இரண்டு ஓட்டை இருக்கும். கடையில் "டூ சனல்" என்பார்கள். ஆனால் மைக் போடக்கூடியது ஒன்றுதான், மற்றது கிட்டார் போடுவதற்கு. தனியாக உட்கார்ந்து பாடம் பதிகிற ஆசிரியருக்கு அது தாராளம். பாட்டி ஒரு பக்கம், கேள்வி கேட்கும் பேரப்பிள்ளை ஒரு பக்கம் என்றால் இரண்டு மைக் வேண்டும். கும்மி என்றால் கட்டாயம் வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை இத்தனை வீடியோவில் ஒன்றிலும் நம் பிள்ளைகள் கவனிக்கவில்லை, ஆனால் பெட்டியின் நிறம் பற்றி இருபது மெசேஜ் இருக்கிறது.

மைக் விஷயத்தில் கண்டென்சர் வேண்டாம் என்கிறேன். மேடையில் கையில் பிடித்துப் பேசுகிற டைனமிக் மைக் இரண்டு. நம் பள்ளிவாசலிலும் கோயில் திருவிழாவிலும் பாவிப்பது அந்த வகைதான். விழுந்தாலும் தாங்கும், ஈரத்துக்கும் அவ்வளவு பயமில்லை, 48 வோல்ட் தேவையில்லை. வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைத்தால் குரல் பெரிதாகவும் அறை சிறிதாகவும் விழும். நேர்மையாகச் சொன்னால் மந்திரம் மைக்கில் இல்லை, அந்த நாலு விரலில் இருக்கிறது. வயதானவர்கள் முகத்துக்கு நேரே மைக் வைத்தால் கூச்சப்படுவார்கள். நாடிக்குக் கீழே, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள்.

யூடியூபர்கள் எல்லாரும் முன்னால் வைத்திருக்கும் ஷுர் எஸ்.எம். 7 பி பற்றி ஒரு தம்பி உருகி உருகி எழுதியிருந்தார். நல்ல மைக்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு 60 டெசிபெல் அளவுக்காவது ஏற்றம் வேண்டும் என்று செய்கிற கம்பெனியே சொல்கிறது. ஸ்கார்லட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் மைக்குக்கு உள்ளது 56, நான்காம் தலைமுறையில்தான் 69. ஆக மைக்குக்காகப் பெட்டி, பெட்டிக்காக இன்னொரு பூஸ்டர். இப்படித்தான் எஸ்டிமேட் ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் ஆகிறது.

மறுபக்கத்தில், "ஆறாயிரத்துக்கு வி8 சவுண்ட் காட் இருக்குதே ஸேர், நம்ம பிள்ளைங்க எல்லாம் அதுலதான் லைவ் போடுறாங்க" என்று கேட்டவருக்கும் பதில் சொல்ல வேண்டும். கைதட்டல் பொத்தானும் சிரிப்புப் பொத்தானும் உள்ள அந்தப் பெட்டி விளையாட்டுக்கு நல்லது. மேடை மைக்கின் மெல்லிய சைகையை இரைச்சல் இல்லாமல் தூக்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல அது. மலிவு என்பதற்காக ஒப்பாரிக்கு அதைக் கொண்டு போக வேண்டாம்.

காசில்லாத இன்னொரு வேலை. பதியும்போது பின்னால் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் ஓடினால், இன்டர்பேஸைத் திட்ட முதல் லெப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நம் வீடுகளிலும் லயங்களிலும் பல பிளக்குகளுக்கு எர்த் ஒழுங்காக இல்லை. பத்தில் ஒன்பது முறை பெட்டரியில் ஓடவிட்டால் இரைச்சல் போய்விடும். நான் இதைக் கண்டுபிடிக்கும் முன் ஒரு கடைக்காரர் எனக்குப் புது வயர் இரண்டு விற்றுவிட்டார், அது வேறு.

கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி ஆரம்பித்த வரலாற்றை நான் வகுப்பில் சொல்வதுண்டு. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியியலாளர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பியைச் செய்தார் என்பார்கள். கப்பலில் இருந்து கழற்றிய பழைய சாமான்! அந்த வழியில் வந்த இலங்கை வானொலியைத்தான் தமிழ்நாட்டிலும் ஒரு காலம் வீட்டுக்கு வீடு திருப்பிக் கேட்டார்கள். நம் பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழ் படித்தவர்கள் என் தலைமுறையில் எத்தனை பேர்! அவருடைய "ழ"வை எந்தப் பெட்டி உண்டாக்கியது என்று யாராவது கேட்டோமா?

"முஸ்லிம் ஆசிரியருக்குத் தோட்டத்துப் பாட்டில் என்ன வேலை" என்று ஒருவர் தனிப்பட்ட முறையில் கேட்டார். பெயர் சொல்ல மாட்டேன். என் வாப்பா தோட்டத்து முச்சந்தியில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். அந்தக் கடன் கொப்பியில்தான் நான் முதலில் தமிழ்ப் பெயர்கள் எழுதப் பழகினேன். என் உம்மம்மா எங்களைத் தூங்க வைத்த மெட்டை, சொற்கள் மட்டும் வேறாக, மேல் லயத்தில் கேட்டிருக்கிறேன். உம்மம்மாவின் குரலும் இன்று எங்களிடம் இல்லை. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

மலையகத்து மூத்த எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடிச் சேர்த்து எழுத்தில் தந்துவிட்டுப் போனார். 1984இல் மறைந்தார். அவர் தந்ததால் சொற்கள் இருக்கின்றன. எந்த இடத்தில் குரல் இழுபடும், எந்த இடத்தில் விம்மல் விழும் என்பதைத் தாளில் எப்படி எழுதுவது? 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. அங்கே இருந்த குரல்களும் சேர்ந்துதான் போயின. நம் மாவட்டத்தில் "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்ல எந்தத் துணிவில் சொல்கிறோம்?

இனி, மனதில் உள்ளதை உடைத்துச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இந்தத் தாமதத்துக்கு 192 கிலோஹெர்ட்ஸ் காரணமில்லை. பெட்டிக்கு ரிப்பன் வெட்டலாம். பெயர்ப்பலகை மாட்டி, பிரமுகர் ஒருவரை அழைத்து, படம் எடுத்துப் போடலாம். மெத்தைக்கும் போர்வைக்கும் ரிப்பன் வெட்ட முடியாது. சனிக்கிழமை மழையில் ஓட்டோவில் ஏறி இறங்கி ஒரு கிழவியின் முன்னால் மூன்று மணித்தியாலம் பொறுமையாக உட்கார்வதற்கு யாரும் மாலை போடமாட்டார்கள். அதனால்தான் ஸ்டூடியோ முதலில், பாட்டு பிறகு என்று வருகிறது. ஸ்டூடியோவுக்கு நடந்து வரக்கூடிய வயதிலா அவர்கள் இருக்கிறார்கள்? பதுளை டவுனில் நீங்கள் ஸ்பொஞ் ஒட்டிய அறைக்கு ஹொப்டனில் இருந்தும் மடுல்சீமையில் இருந்தும் யார் அவர்களைத் தூக்கி வருவது?

என் யோசனை இது. ஒரு பெட்டி, இரண்டு டைனமிக் மைக், இரண்டு வயர், காதை மூடும் ஹெட்போன் ஒன்று. எல்லாம் ஒரு ஸ்கூல் பேக்கில் அடங்கும். மிச்சக் காசில் போக்குவரத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க் (ஒன்று பாடசாலையில், ஒன்று வேறு ஊரில் ஒரு வீட்டில்), பாடுகிறவர்களின் கையில் மரியாதையாக ஏதாவது. பதிந்ததை முதலில் அவர்கள் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், பிறகுதான் பேஸ்புக்குக்கு. பகல் நேரத்தில் அதே பேக் தரம் 11 பாடங்களுக்கும் உதவும். பெற்றோர் கூட்டத்தில் இதை எதிர்ப்பவர்கள் எதிர்க்கலாம், ஆனால் எதிர்க்கிறவர் அடுத்த சனிக்கிழமை என்னோடு வர வேண்டும்.

தீர்மானம் வரும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. என் பழைய இன்டர்பேஸ் இன்னும் வேலை செய்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் கேட்டேன், மேடை மைக் ஒன்றை சனிக்கிழமை மட்டும் தருவதாகச் சொன்னார்கள். இந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பதுளை பஸ் ஸ்டாண்டில் இருந்து பசறைப் பக்கம் போகிறேன். அந்தப் பாட்டியின் தங்கை இருக்கிறார், எழுபத்தாறு வயது, அக்காவின் பாட்டுகளில் பாதி தெரியும் என்கிறார்கள். பின்னேர மழைக்கு முன் முடிக்க வேண்டும். தடிப்பான போர்வை நாலு தேவை. தரக்கூடியவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்னிடம் தாருங்கள், கழுவித் திருப்பித் தருவேன். ஓட்டோ வைத்திருக்கும் தம்பிமார் யாராவது வந்தால் பெட்ரோல் என் செலவு.